கிழமைக்கு ஒரு கையெழுத்து

நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் வெளியே விட்ட ஆட்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கும், தண்டனையும் விதிக்கப்பட்டிருக்கும். அதை அவர்கள் தங்கள் வீட்டில் இருந்துகொண்டே, ஒரு சீர்திருத்த உத்தியோகத்தரின் மேற்பார்வையில் கழிக்க வேண்டும். மட்டக்களப்பு நகரத்தில் வாவியைப் பார்த்தபடி நின்ற ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எங்கள் அலுவலகம் இருந்தது. முன் விறாந்தையில் ஒரு நீண்ட மரவாங்கு. கிழமைக்கு ஒருமுறை வந்து அதில் காத்திருந்து, கையெழுத்து வைத்து, சனிக்கிழமைகளில் பின் அறையில் நடக்கும் ஆற்றுப்படுத்தல் வகுப்பிலும் இருந்துவிட்டுப் போக வேண்டும். கசிப்புச் சாராயம் காய்ச்சியவருக்கும் இதே ஒழுங்கு, மனைவியை அடித்தவருக்கும் இதே ஒழுங்கு, களவாக மணல் ஏற்றியவருக்கும் இதே ஒழுங்கு.

மழைக்காலம் முடிகிற ஒரு மாதத்தில் இரண்டு பேர் அடுத்தடுத்து என்னிடம் ஒப்படைக்கப்பட்டார்கள்.

முதலாமவர் உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவர். ஐம்பதைத் தாண்டியவர். கதிர் வயிற்றில் இருந்த வயலுக்குள் பட்டி மாடுகள் இறங்கி உழக்கிவிட்டன. ஓடிப்போனவர் மாட்டுக்காரரை மண்வெட்டிப் பிடியால் அடித்தார். ஒரே அடி. முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. அடித்த கையோடு தன் சாரத்தைக் கிழித்து அந்தக் கைக்குக் கட்டுப் போட்டு, தன் மோட்டார் சைக்கிளிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும், அங்கே நின்ற பொலிஸ்காரரிடம் "நான்தான் அடிச்சநான்" என்று சொன்னவரும் அவர்தான். அதற்கு முன்னும் பின்னும் அவர் மீது ஒரு முறைப்பாடுகூட இல்லை.

இரண்டாமவன் மண்டூர்க்காரன். முப்பதுக்குக் கிட்டிய வயது. யாரோ ஒருவரின் வாட்டர் பம்பைத் தூக்கி விற்றுவிட்டான். பம்ப் அன்றே திரும்பக் கிடைத்தது. நீதிமன்றத்தில் அவன் வழக்கு ஒரு பெரிய வழக்காக யாருக்கும் படவில்லை. ஆனால் அவனோடு உட்கார்ந்து கதைத்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. சிறு களவுகளுக்காகப் பலமுறை உள்ளே போய் வந்தவன். ஐஸ் என்ற போதைப்பொருளைப் பாவிக்கிறான். எந்த வேலையிலும் ஒரு மாதத்துக்குமேல் நிற்கவில்லை. கலியாணம் முடித்த பெண் விட்டுவிட்டுப் போய்விட்டாள். அவனுக்குத் தெரிந்த ஆட்கள் எல்லாருமே அவனைப் போன்றவர்கள். மிச்சம் இருந்தது ஒரு அக்கா. மண்டூர்த் துறையடியில் இடியப்பம் அவித்து விற்கிறவர். அவரது குடிலின் ஒரு பக்கத்தில்தான் அவன் படுத்து எழும்பினான்.

அந்த மரவாங்கில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததை இன்றும் நினைத்துப் பார்க்க முடிகிறது. வயல்காரர் தலையைக் குனிந்துகொண்டு, குடையை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு இருப்பார். மண்டூர்க்காரனுக்கு ஓரிடத்தில் இருக்க ஏலாது. எழும்புவான், வெளியே போவான், வருவான், வாங்கில் இருக்கும் மற்றப் பொடியன்களோடு கதை தொடங்குவான்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் வயல்காரர் நின்றார்.

"மிஸ், உங்கக்கிட்ட ஒண்டு சொல்லணும். சொன்னா என்னைப் பிடிச்சு உள்ளுக்குப் போட்டுருவாங்களோ தெரியா."

"சொல்லுங்க ஐயா."

"அந்த வாங்கில இரிக்கிற பொடியன் ஒருத்தன் கேக்கான், 'ஐயா, உங்கட வயலுக்குள்ள காவல் வாடி இரிக்கா, ஆக்கள் வந்து போறதா' எண்டு. ஒரு பார்சல் வெச்செடுக்கணுமாம். நான் ஒண்டும் சொல்லல்ல. ஆனா என்ட ஊர், வயல் வட்டை எல்லாம் அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. மறுகாலும் கேட்டா என்ன செய்யிற மிஸ்?"

இத்தனை வயதுவரை அப்படியொரு ஆளைச் சந்திக்காமலே வாழ்ந்தவர். அவரைக் கொண்டுவந்து அந்த வாங்கில் இருத்தியவர்கள் நாங்கள்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா பேசினார். குற்றம் எவ்வளவு பெரியது என்பது ஒரு கேள்வி, இந்த ஆள் மறுபடியும் செய்வாரா என்பது வேறு கேள்வி, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள் என்றார். திரும்பச் செய்யக்கூடியவர்களுக்கு நேரத்தைக் கொட்டுங்கள், அவர்களை எது இழுக்கிறதோ அதைத் தேடிப்பிடித்து வைத்தியம் செய்யுங்கள். மற்றவர்களைக் கூடுமானவரை அவர்கள் வாழ்க்கையோடு விட்டுவிடுங்கள், இழுத்து வந்து வைத்திருந்தால் நல்லாக இருக்கிறவரையும் கெடுத்துவிடுவீர்கள் என்றார். அன்று அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போனோம். வயல்காரர் அப்படி என் முன் வந்து நின்றபோதுதான் அந்த அம்மா என்ன சொன்னார் என்பது எனக்கு உறைத்தது.

எங்கள் பொறுப்பதிகாரியிடம் போனேன். ஓய்வுக்குக் கிட்டிய, கண்ணியமான மனிதர். முழுவதும் கேட்டார்.

"பாத்துச் செய்யுங்க பிள்ளை. பிறகு பிரச்சினை வராமப் பாருங்க" என்றார். அதை அனுமதி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வயல்காரருக்கு மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு போதும் என்று வைத்தேன். அவரிடம் மிச்சமான நேரத்தையெல்லாம் மண்டூருக்குக் கொண்டுபோனேன்.

குருமண்வெளித் துறைவரை தரைவழியாகப் போய், அங்கே எஞ்சின் பூட்டிய இரும்புத் தட்டில் ஸ்கூட்டரோடு ஏறி வாவியைக் கடந்தால் அக்கரை மண்டூர். அந்தத் தட்டை எங்கள் பக்கத்தில் 'பாதை' என்றுதான் சொல்வோம். கிழமைக்கு இரண்டு தரம் அந்தப் பாதையில் போய்வந்தேன். முதலில் அவன் என்னைக் கண்டால் பின்பக்கத்தால் போய்விடுவான். அக்காதான் இருத்தி வைத்து, இடியப்பமும் சொதியும் தருவார். பிறகு பிறகு அவனும் வந்து பக்கத்தில் குந்தினான். அவனுக்கு ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டேன். எப்போது ஆசை வருகிறது, யார் கூப்பிடுகிறார்கள், எந்த வழியால் போகிறான். இதெல்லாம் யாரும் அவனிடம் முன்னம் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் போதைப்பழக்கத்துக்கு வைத்தியம் செய்யும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இக்கரையில் தோணி திருத்தும் ஒரு பட்டறையில் வேலை எடுத்துக் கொடுத்தேன். ஃபைபர் ஒட்டுவதில் அவன் கை நன்றாக ஓடியது.

வியாழக்கிழமைதான் அவனுக்குக் கூடாத நாள். பட்டறையில் அன்று சம்பளம் கொடுப்பார்கள்.

"காசு கையில வந்தா கால் தானா அங்கால போகுது மிஸ்" என்று அவனே சொன்னான்.

அதனால் என் வருகைகளில் ஒன்றை வியாழக்கிழமைப் பின்னேரத்துக்கு மாற்றினேன். ஒரு வியாழன் பட்டறைக்குப் போனபோது அவன் நேரத்தோடு போய்விட்டான் என்றார்கள். துறைக்கு ஓடினேன். பாதையில் நின்றான். வீட்டுக்கென்று மண்டூர் போனவன், அங்கிருந்து திரும்ப இக்கரைக்கு வந்துகொண்டிருந்தான். கரையில் அவனுடைய பழைய கூட்டாளிகள் முச்சக்கரவண்டியில் காத்துக்கொண்டிருந்தார்கள். பாதை வந்து அணைந்ததும் நான் ஏறி அவனுக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் வேர்த்து விறுவிறுத்துப்போயிருந்தான். கம்பியைப் பிடித்த கை வெள்ளையாகிவிட்டது. இறங்குவான் என்றுதான் நினைத்தேன். இறங்கவில்லை. பாதை திரும்பவும் மண்டூருக்குப் போனது. அங்கும் இறங்கவில்லை. மறுபடி இக்கரை. சனம் ஏறியது, இறங்கியது, மோட்டார் சைக்கிள்கள் ஏறின, ஒரு ஆட்டுக்குட்டி ஏறியது. நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம். பாதை ஓட்டுபவர் எங்களைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் தன் வேலையைச் செய்தார். வெயில் தணிந்து, காத்திருந்த முச்சக்கரவண்டி கிளம்பிப் போன பிறகு அவன் சொன்னான்:

"இனி அக்காட்ட போகலாம் மிஸ்."

என் உத்தியோக வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலை எது என்று கேட்டால் அந்தப் பின்னேரத்தைத்தான் சொல்வேன். செய்தது என்ன? பாதையில் நின்றது மட்டும்தான். ஆனால் அங்கே நிற்பதற்கு எனக்கு நேரம் இருந்தது.

மண்டூர்க் கோயில் திருவிழாவின்போது தண்ணீர்ப் பந்தலில் அவனைக் கண்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சனத்துக்கு மோர் வார்த்துக்கொண்டிருந்தான். அக்கா எனக்குக் கண்ணால் காட்டினார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எதற்கென்று தெரியாத சிரிப்பு.

திருவிழா முடிந்து சில நாட்களில் மாட்டுக்காரர் அலுவலகத்துக்கு வந்தார். வயல்காரரின் அடியில் கை முறிந்தவர். நேரே பொறுப்பதிகாரியின் அறைக்குப் போய், கதிரையில் இருக்காமலே பேசினார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"என்ட கையைப் பாருங்க. இது முழுசா மடங்குதில்ல. எருமையில பால் கறக்க ஏலாது, கூலிக்கு ஆள் பிடிக்கன். என்னை அடிச்சவர் வரம்பில நிண்டு ரேடியோ கேக்கார். நான் பட்டியோட அந்தப் பக்கம் போகக்குள்ள எல்லாம் அவரைக் காணுறன். தண்டனையாம்! என்ன தண்டனை இது? காசு குடுத்து மிஸ்ஸை வாங்கிட்டார் எண்டு ஊருக்குள்ள கதைக்காங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கை என் கண் முன்னால் கோணலாக இருந்தது. நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் திரும்ப அடிக்கமாட்டார், அதனால்தான் என்று சொன்னேன்.

"அவர் திரும்ப அடிக்கிறாரோ இல்லையோ, அதை நான் கேக்கல்ல மிஸ். என்ட கைக்கு என்ன பதில் எண்டு கேக்கன்."

அந்தக் கேள்விக்கு அந்தப் பயிற்சியில் எங்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. இப்போது யோசிக்கும்போது ஒரு வழி இருந்ததாகப்படுகிறது. வயல்காரர் அந்த மனிதரைக் கண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பலமுறை என்னிடம் சொல்லியிருந்தார். கிட்டப் போகக்கூடாது என்ற உத்தரவு இருந்ததால் பயந்துகொண்டிருந்தார். நீதிமன்றத்திடம் கேட்டு, நடுவில் நான் இருந்து, இருவரையும் ஒரு மேசையில் இருத்தியிருக்கலாம். கறவைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதையாவது வயல்காரர் சந்தோஷமாகச் செய்திருப்பார். அன்று அது என் புத்தியில் வரவில்லை. மாட்டுக்காரர் அலுவலகத்தை விட்டுப் போகும்போது முறிந்த கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு போனார்.

பொறுப்பதிகாரி கதவைச் சாத்தினார்.

"கை முறிச்சவருக்கு மாசத்தில ஒரு போன். பம்ப் களவெடுத்தவனுக்குக் கிழமையில ரெண்டு தரம் ஆள். இதை நான் மேலிடத்துக்கு எந்த வாயால விளக்குவன் பிள்ளை?"

"சேர், மண்டூர்த் தம்பியை விட்டா அவன் திரும்பப் போயிருவான்."

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அவனைக் கேட்டுப் பார்த்துத் தெரியும் சேர்."

அவர் நெற்றியைத் தடவினார். "பிள்ளை, நீங்க நேர்மையான ஆள் எண்டு எனக்குத் தெரியும். ஆனா எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தினா ஒருத்தரும் எங்களைக் குறை சொல்ல ஏலாது. இவ்வளவு காலமும் நான் அப்பிடித்தான் இந்தக் கதிரையில இருந்தநான்."

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் சண்டை பிடித்திருப்பேன். அவர் கெஞ்சுவதுபோல் சொன்னார். அடுத்த கிழமையிலிருந்து பழைய ஒழுங்கு திரும்பியது. பழையதைவிடக் கொஞ்சம் கூட. காயம் விளைவித்த வழக்கு என்பதால் வயல்காரரின் வீட்டுக்கும் நான் கிழமைக்கு ஒருமுறை போக வேண்டும். மண்டூர்க்காரன் மற்றவர்களைப் போல அலுவலகத்துக்கு வந்து கையெழுத்து வைத்தால் போதும். உன்னிச்சைக்கு எனக்குக் கிடைத்த நாள் வியாழக்கிழமை.

வேறு நாள் கேட்டேன். மற்ற நாட்கள் எல்லாம் மற்ற ஊர்களுக்குப் போய்விட்டிருந்தன.

வயல்காரருக்கு அது சிறுபோகக் காலம். குளத்துத் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். அவருடைய முறை வரும் நாளில் அவர் பட்டணத்தில் எங்கள் வாங்கில் காத்திருப்பார். ஒரு கிழமை பக்கத்து வயல்காரர் தண்ணீரைப் பார்த்துக் கட்டிவிட்டார், மறு கிழமை யாரும் பார்க்கவில்லை. கீழ்ப்பக்கத்து வயல் வெடித்துப்போயிற்று. அவர் என்னிடம் முறையிடவே இல்லை. கேட்டபோது, "அது என்ட பிழைக்கு வந்தது மிஸ்" என்று மட்டும் சொன்னார்.

மண்டூர்க்காரன் அலுவலகத்துக்கு வரத் தொடங்கினான். அந்த வாங்கில் அவனுடைய கூட்டாளிகள் அவனுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். கையெழுத்து வைக்க உள்ளே வரும்போது என்னோடு கதைப்பதற்கு நிற்பான். பின்னால் வரிசை. "பிறகு கதைப்பம் தம்பி" என்பேன். கொஞ்ச நாளில் நிற்காமலே போகத் தொடங்கினான். டாக்டரிடம் போகிறாயா என்று கேட்டால் ஓம் என்பான். கண் வேறு சொல்லும். நான் வேலை முடிந்த பிறகு இரண்டொரு நாள் மண்டூருக்குப் போய்ப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவன் குடிலில் இல்லை.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நான் உன்னிச்சையில் வயல்காரரின் முற்றத்தில் இருந்தேன். அவரிடம் கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. வேப்பமரத்தின் கீழ் கதிரை போட்டு, அவருடைய மனைவி தேத்தண்ணி தந்தார். மழை வருமா என்று கதைத்துக்கொண்டிருந்தோம். தொலைபேசி அடித்தது. மண்டூர் அக்கா.

"மிஸ், தம்பிக்கு இண்டைக்குச் சரியில்ல. வந்து நிண்டு காதுத் தோட்டைக் கழட்டித் தா எண்டு கேக்கான். இப்பிடி ஒரு நாளும் கேட்டதில்ல. நீங்க வாறீங்களா?"

"கதவைச் சாத்திட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போங்க அக்கா. நான் வாறன்."

"அடுப்பில பானை கொதிக்குது மிஸ்" என்றார். அதோடு இணைப்பு அறுந்துவிட்டது.

பொலிஸுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். வயல்காரர் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து என் ஸ்கூட்டரைத் தெருப்பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"போங்க மிஸ். நான் எங்கயும் ஓடிப்போக மாட்டன். உங்களுக்கு இஞ்ச என்ன வேலை?"

அவர் அதைக் குத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

உன்னிச்சையிலிருந்து மண்டூருக்கு, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமாகவே ஒரு வழி இருக்கிறது. கொக்கட்டிச்சோலை தாண்டி, வயல்களுக்கு நடுவே கிரவல் வீதி. எவ்வளவு முறுக்கினாலும் அந்த வீதியில் ஸ்கூட்டர் ஓடாது. மாடுகள் குறுக்கே நின்றன. ஒவ்வொரு வளைவிலும் அக்காவுக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது குடிலின் முன்னால் சனம் நின்றது. அக்காவை முச்சக்கரவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவன் தோட்டை இழுத்திருக்கிறான், அவர் தள்ளியிருக்கிறார், அவன் திருப்பித் தள்ளியிருக்கிறான். கொதித்த பானை அவர் மேல் கவிழ்ந்துவிட்டது. கழுத்தும் தோளும் அவிந்துபோயின. தோட்டை எடுத்துக்கொண்டு அவன் ஓடவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அக்காவின் மேல் பச்சைத் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே கத்தியிருக்கிறான். சனம் கூடிய பிறகுதான் ஓடினான். அன்று பொழுதுபடுமுன் வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் வைத்துப் பொலிஸ் பிடித்தது.

இம்முறை நீதிமன்றம் அவனை வெளியே விடவில்லை. நீண்ட சிறைத்தண்டனை. தீர்ப்பன்று நான் பின்வரிசையில் இருந்தேன். கூண்டிலிருந்து இறங்கும்போது என்னைக் கண்டான். தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

வயல்காரர் தன் காலத்தை ஒரு குறையும் இல்லாமல் முடித்தார். கடுமையான மேற்பார்வையால் திருந்தியவர்களில் ஒருவராக எங்கள் அலுவலகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் திருந்துவதற்கு என்ன இருந்தது என்று நான் யாரிடம் கேட்பது? அடுத்த போகம் அவர் பாதி வயலைத்தான் விதைத்தார் என்று அறிந்தேன். மாட்டுக்காரரும் அவரும் இன்றுவரை முகம் கொடுத்துக் கதைப்பதில்லையாம்.

பொறுப்பதிகாரி ஓய்வுபெற்றுப் போனார். ஒருநாள் சந்தையில் மீன் வாங்கும் இடத்தில் கண்டேன். குசலம் விசாரித்தார், பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். பிறகு கையில் பையோடு நின்றபடியே, "அந்த மண்டூர்ப் பொம்பிளைக்குக் கழுத்து சுகமா பிள்ளை?" என்றார். ஓம் சேர் என்றேன். இன்னும் ஏதோ சொல்ல வந்தவர், "சரி, மீன் பழுதாப் போகும்" என்று நடந்துவிட்டார்.

இப்போது எங்கள் திணைக்களத்தில் அந்த முறைதான் முறை. ஒருவரை ஒப்படைத்தவுடன் கேள்விகள் கேட்டு, திரும்பச் செய்யக்கூடியவர் யார், தானாகவே சரியாகிவிடக்கூடியவர் யார் என்று பிரிக்கிறார்கள். கூடத் தேவைப்படுகிறவருக்குக் கூட, குறையத் தேவைப்படுகிறவருக்குக் குறைய. அதற்கான வகுப்பில் நானும் இருந்தேன். சொல்லித் தந்தவர் என் மகளின் வயதுடையவர். பக்கத்தில் இருந்த புது உத்தியோகத்தர், "இது எவ்வளவு நல்ல யோசனை, ஏன் முந்தியே செய்யல்ல?" என்று என்னிடம் கேட்டார். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

எனக்குக் கிரான் பக்கம் மாற்றம் வந்த பிறகு மண்டூருக்குப் போக வாய்ப்பிருக்கவில்லை. போன மாதம் ஒரு செத்த வீட்டுக்குப் போன வழியில் துறையடியில் இறங்கினேன். அக்கா இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார். வெக்கைக்குள்ளும் சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துச் செருகியிருந்தார். மாதா மாதம் சிறைக்குப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வருகிறாராம். மெலிந்துவிட்டானாம். வெளியே வர இன்னும் கொஞ்சக் காலம்தான் இருக்கிறதாம்.

"வந்தா இஞ்சதான் வருவானா அக்கா?"

"வேற எங்க போவான் மிஸ்?"

"பயமில்லையா?"

"பயம் இரிக்கி. இல்லாமலா?" மாவைப் பிழிந்துகொண்டே சொன்னார். "அவன் வந்தா முந்தி மாதிரி நீங்க வருவீங்கதானே?"

எனக்கு வேறு பிரிவு என்று சொன்னேன். புதிதாக ஒருவர் வருவார், நல்ல பிள்ளை, எல்லாம் படித்தவர், அவரிடம் நான் கதைக்கிறேன் என்று சொன்னேன். அடிக்கடி வருவார், இப்போது சட்டமே அப்படித்தான் என்றும் சொன்னேன்.

"ஓம் மிஸ்" என்றார். தட்டை நீராவிக்குள் இறக்கி மூடிவிட்டு, எனக்குச் சாப்பாடு வைக்கக் கோப்பை கழுவப் போனார்.